கட்டி போன பிறகு மிஞ்சும் சுரப்பி

பிட்யூட்டரிக் கட்டிக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு கொழும்பிலிருந்து ஊர் திரும்புகிறவரைப் பார்த்தால் எதுவும் நடந்ததாகவே தெரியாது. தலைமுடி இருந்தபடி இருக்கும், நெற்றியில் தையல் இருக்காது. மூக்கு வழியாகக் கருவியை விட்டு, மூக்குக்குப் பின்னாலுள்ள எலும்பறையைத் திறந்து, கட்டியை எடுத்திருப்பார்கள். சிலருக்கு அந்தத் துவாரத்தை அடைக்கக் கொழுப்பு எடுத்த சின்னக் காயம் தொடையிலோ வயிற்றிலோ இருக்கும், அவ்வளவுதான். பார்க்க வருகிறவர்கள் கல்முனையில் என்றால் "அல்ஹம்துலில்லாஹ், பெரிய கண்டம் கழிஞ்சுது" என்பார்கள். கோமாரியில் என்றால் கர்த்தருக்கோ பிள்ளையாருக்கோ நன்றி சொல்வார்கள். ஆனால் அவருடைய கிளினிக் கொப்பியில், மருந்து எழுதும் பக்கத்தில், ஹைட்ரோகோர்ட்டிசோன் காலை 10, பகல் 5, பின்னேரம் 5 மில்லிகிராம் என்று ஒரு வரி இருக்கக்கூடும். கட்டியைவிட அந்த வரிதான் இனி அவருடைய உயிரோடு நெருங்கிய சங்கதி. வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

கோமாரி, பொத்துவிலுக்கும் திருக்கோவிலுக்கும் நடுவே ஏ4 வீதியில் உள்ள கடற்கரைக் கிராமம். அதே வீதியில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போனால்தான் கொழும்பு. அவருக்கு நடுச்சாமத்தில் காய்ச்சலும் சத்தியும் வந்தால், கட்டியை எடுத்த டொக்டர் பக்கத்தில் இருக்கமாட்டார். பக்கத்து ஆசுபத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் அன்றைக்கு வேலையில் இருக்கும் இளம் டொக்டர்தான் இருப்பார். நோயாளியும் வீட்டாரும் விஷயம் தெரிந்தவர்களாக இருந்தால் அந்த இடைவெளியைத் தாண்டிவிடலாம். அதற்காகவே இதைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் கபச்சுரப்பி என்று படித்தது இதைத்தான். மூளையின் அடியில், இரு கண்களுக்கும் நடுவே நேர் பின்னால், எலும்பில் உள்ள ஒரு குழிக்குள் கிடக்கிறது. கடலை அளவு, அரைக் கிராம் எடை. மேலே ஒரு மெல்லிய தண்டு அதை மூளையின் பரிவகக்கீழ் என்ற பகுதியோடு இணைக்கிறது. தண்டுக்குப் பக்கத்தில் இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே கடக்கின்றன. இரு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. இவ்வளவு நெருக்கமான இடத்தில் ஒரு கட்டி வளர்ந்தால் எதையாவது அமுக்காமல் வளர வழியில்லை.

சுரப்பிக்கு முன்பாதி, பின்பாதி என்று இரண்டு பகுதி. முன்பாதி ஆறு முக்கியமான ஹோர்மோன்களைச் சுரக்கிறது. வளர்ச்சி ஹோர்மோன் ஒன்று. பால் சுரக்க வைக்கும் புரோலக்டின் ஒன்று. தைரொய்ட்டை வேலை வாங்கும் ரி.எஸ்.எச்., அதிரீனலை வேலை வாங்கும் ஏ.சி.ரி.எச்., சூலகத்தையும் விதையையும் வேலை வாங்கும் எல்.எச்., எப்.எஸ்.எச். ஆகியவை மற்ற நான்கு. பின்பாதி எதையும் தானாகத் தயாரிப்பதில்லை. பரிவகக்கீழில் உண்டாகித் தண்டு வழியாக இறங்கும் வாசோபிரெசினையும் ஒக்சிரோசினையும் சேமித்து வைத்து வெளியே விடுகிறது. வாசோபிரெசின்தான் சிறுநீரகத்திடம் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்வது. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் பத்து நாளில் நடக்கும் கூத்தெல்லாம் இதைச் சுற்றித்தான்.

பிட்யூட்டரியில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நாம் நினைக்கிற அளவுக்கு அரிதானவையும் அல்ல. பெல்ஜியத்தின் லியேஜ் பகுதியில் வீடு வீடாகக் கணக்கெடுத்ததுபோல் நுணுக்கமாகச் செய்து 2006 இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவரிடம் மருத்துவரீதியாகப் பொருட்படுத்த வேண்டிய பிட்யூட்டரிக் கட்டி இருந்தது. 10 மில்லிமீற்றருக்குக் குறைந்தவை சிறியவை, அதற்கு மேற்பட்டவை பெரியவை என்று பிரிக்கிறார்கள். கட்டி செய்யும் கெடுதியும் இரண்டு வகை. சில கட்டிகள் ஒரு ஹோர்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. மற்றவை எதையும் சுரக்காமல், பெருத்து, நல்ல சுரப்பியை நசுக்கி மற்ற ஹோர்மோன்களைக் குறைக்கின்றன. இரண்டையும் சேர்த்துச் செய்யும் கட்டிகளும் உண்டு.

அதிகம் சுரப்பதற்கு ஊரறிந்த உதாரணம் தி கிரேட் காலி. டிவியில் மல்யுத்தம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த உருவம் மறந்திருக்காது. இமாசலப் பிரதேசத்தில் பிறந்து பஞ்சாப் பொலிஸில் வேலை பார்த்த தலிப் சிங் ராணா, ஏழடிக்கு மேல் உயரம். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கு முன் வளர்ச்சி ஹோர்மோன் மிகுந்தால் ஆள் உயர்ந்துகொண்டே போவார். தட்டுகள் மூடிய பிறகு மிகுந்தால் உயரம் கூடாது. தாடை நீளும், விரல் தடிக்கும், மோதிரம் கழராது, செருப்பு அளவு வருடத்துக்கு வருடம் மாறும். இந்த இரண்டாவது நிலைக்கு 1886 இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மரி அக்ரோமெகலி என்று பெயர் வைத்தார். காலிக்கு 2012 யூலையில் அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் கட்டியை எடுத்தார்கள். அதற்குள் அவருக்கு நாற்பது வயது நெருங்கியிருந்தது.

இந்த நோயில் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் என்ன மாறுகிறது என்பது கவனிக்க வேண்டியது. வளர்ச்சி ஹோர்மோன் இரத்தத்தில் அலையலையாக ஏறி இறங்குவதால் ஒருமுறை அளந்து பயனில்லை. அது ஈரலில் உண்டாக்கும் ஐ.ஜி.எப்.-1 என்ற பொருளை அளக்கிறார்கள். சந்தேகமிருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, வளர்ச்சி ஹோர்மோன் அடங்குகிறதா என்று பார்க்கிறார்கள். ஆரோக்கியமானவருக்கு அடங்கும், இவர்களுக்கு அடங்காது. கட்டி முழுவதும் போனால் சில நாட்களிலேயே கை வீக்கம் வடிந்து மோதிரம் தளரும். வியர்வையும் குறட்டையும் குறையும். சீனி வருத்தமும் பிரஷரும் இறங்கும். தடித்த எலும்பு மட்டும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஐ.ஜி.எப்.-1 மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் குணமானதா என்ற தீர்ப்பைச் சுமார் 12 வாரம் கழித்தே சொல்கிறார்கள். கட்டி சிறிதாக இருந்தால் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். பெரிதாகி இரத்தக்குழாயைச் சுற்றிவிட்டால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

அமுக்கி நசுக்கும் வகை வேறு கதை. அது சத்தமில்லாமல் வேலை செய்யும். நசுக்கப்படும் சுரப்பியில் ஹோர்மோன்கள் பெரும்பாலும் ஒரு வரிசையில் போகும்: முதலில் வளர்ச்சி ஹோர்மோன், பிறகு பாலின ஹோர்மோன்கள், பிறகு தைரொய்ட்டுக்கும் அதிரீனலுக்கும் போகும் கட்டளைகள். வளர்ந்த ஒருவருக்கு வளர்ச்சி ஹோர்மோன் குறைந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். அடுத்தது போகும்போது பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கும், ஆணுக்கு ஆசை குறையும், இரண்டு நாளைக்கு ஒருமுறை சவரம் செய்தவர் வாரத்துக்கு ஒருமுறை செய்வார். நம் பக்கத்து ஆண்கள் இதை மனைவியிடமே சொல்லமாட்டார்கள், டொக்டரிடம் எங்கே சொல்வது? அப்படியே வருடங்கள் போய், வீதியில் பக்கவாட்டில் வரும் மோட்டார் சைக்கிள் தெரியாமல் முட்டிக்கொண்டு, கண்ணாடிக் கடைக்குப் போய், கண்ணாடியாலும் சரிவராமல், அதற்குப் பிறகுதான் ஸ்கான். இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை குறைவதுதான் நரம்புகள் கடக்கும் இடத்தைக் கட்டி அமுக்குவதன் அடையாளம். அந்த மனிதரிடம் யாராவது ஐந்து வருடம் முன்பே சவரத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம்.

தைரொய்ட் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை என்று போனால் பல இடங்களில் ரி.எஸ்.எச். மட்டும் பார்த்து, சாதாரணம் என்று அனுப்பிவிடுவார்கள். தைரொய்ட்டே பழுதானவருக்கு அந்தச் சோதனை போதும். அங்கே ரி.எஸ்.எச். ஏறிக் காட்டிக்கொடுக்கும். பிட்யூட்டரி பழுதானவருக்குப் போதாது. வயல் காய்கிறதா என்று அறிய வட்டவிதானையின் கொப்பியைப் பார்ப்பது வழக்கம்தான், ஆனால் வட்டவிதானையே பாயில் படுத்துவிட்டால் கொப்பியில் என்ன எழுதியிருந்தாலும் வயலுக்குப் போய்த் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். இங்கே வயலில் உள்ள தண்ணீர், தைரொய்ட் சுரக்கும் ரி4. பிட்யூட்டரி நோயாளிக்கு ரி.எஸ்.எச். சாதாரணமாக இருந்துகொண்டே ரி4 தாழ்ந்திருக்கலாம். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் தைரொக்சின் அளவை ரி4 பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். ரி.எஸ்.எச். குறைவாக இருக்கிறதே என்று குளிசையைக் குறைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

கட்டி இல்லாமலும் இதே சுரப்பி செத்துப்போவதுண்டு. பிள்ளைப்பேற்றில் இரத்தம் அளவுக்கு மீறிப் போன தாய்மாருக்குப் பிட்யூட்டரி இரத்தமில்லாமல் கருகுவதை 1937 இல் ஷீஹன் என்பவர் விவரித்தார். அந்தத் தாய்க்குப் பால் சுரக்காது, மாதவிடாய் திரும்பாது. கண்ணாடி விரியன் கடியிலிருந்து தப்பிய சிலருக்கும் இதே கதி நேர்வது மியன்மாரிலும் தென்னிந்தியாவிலும் பல காலமாகத் தெரிந்தது. இலங்கையில் அப்படியான முதல் நோயாளி பற்றிய மருத்துவக் கட்டுரை 2011 இல் வெளிவந்தது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் விரியன் கடி சாதாரணமாக இருக்கும் அம்பாறை மாவட்டத்தில், கடி ஆறிய பிறகும் மெலிந்து சோர்ந்து கிடப்பவரை விஷத்தின் மிச்சம் என்று விட்டுவிடாமல் ஹோர்மோன் பார்ப்பது நல்லது. பின்னால் சொல்லப்போகும் குளிசைக் கதை இவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

சத்திரசிகிச்சைக்கு முன் பார்க்கும் சோதனைகளில் புரோலக்டின் முதலிடம். அதற்குக் காரணம், புரோலக்டின் சுரக்கும் கட்டியாக இருந்தால் பெரும்பாலும் சத்திரசிகிச்சையே வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை அல்லது இருமுறை எடுக்கும் கபேர்கோலின் குளிசைக்கே கட்டி சுருங்கும், மாதவிடாய் திரும்பும், பிள்ளையும் தங்கும். ஆனால் வேறு எந்தக் கட்டியும் தண்டை அமுக்கினாலும் புரோலக்டின் ஓரளவு ஏறும். பரிவகக்கீழிலிருந்து வந்து புரோலக்டினை அடக்கிவைக்கும் டோபமின் தடைப்படுவதே காரணம். அதனால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கட்டி பெரிதாக இருந்து புரோலக்டின் 200 நானோகிராமைத் தாண்டினால் அது புரோலக்டின் கட்டியாகத்தான் இருக்கும். 100க்குக் கீழே நின்றால் தண்டு அமுங்கியதாக இருக்கலாம். அளவு எக்கச்சக்கமாக இருக்கும்போது சோதனை யந்திரமே ஏமாந்து குறைவாகக் காட்டுவதும் உண்டு. கட்டி மிகப் பெரிதாக இருந்தால் இரத்தத்தை ஐதாக்கி மறுபடி பார்க்கச் சொல்வது அதனால்தான்.

அடுத்தது கோர்ட்டிசோல். அதிரீனல் சுரக்கும் இந்த ஹோர்மோன் இல்லாமல் உடம்பு நோயையோ காயத்தையோ மயக்கமருந்தையோ தாங்காது. காலை எட்டு ஒன்பது மணிக்கு உச்சத்தில் இருந்து, பின்னேரம் இறங்கி, நள்ளிரவில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போவது அதன் இயல்பு. கோமாரியிலிருந்து முதல் பஸ் பிடித்து அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ போய், துண்டெடுத்து, வரிசையில் நின்று, பதினொன்றரைக்கு இரத்தம் கொடுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தம் சொல்வது கடினம். முதல்நாளே போய்த் தங்கச் சொல்வதில் நியாயமிருக்கிறது. காலைக் கோர்ட்டிசோல் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு உறுதி, 15க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. நடுவில் இருந்தால் சைனக்தென் ஊசி போட்டு, அரை மணித்தியாலத்திலும் ஒரு மணித்தியாலத்திலும் மறுபடி இரத்தம் எடுத்து, அதிரீனல் எழுந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். கர்ப்பத்தடைக் குளிசை எடுக்கும் பெண்ணுக்குக் கோர்ட்டிசோல் பொய்யாக உயர்ந்து காட்டும். மூட்டுவலிக்கென்று பார்மசியில் கேட்டு வாங்கிய குளிசைக்குள் ஸ்டீரொயிட் இருந்தால் பொய்யாகத் தாழ்ந்து காட்டும். என்னென்ன குளிசை போடுகிறீர்கள் என்று டொக்டர் கேட்கும்போது எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்க் கொட்டுவது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல.

கோர்ட்டிசோலும் தைரொய்ட்டும் இரண்டும் குறைந்திருந்தால் எதை முதலில் கொடுப்பது என்பதில் தெரிவுக்கே இடமில்லை. கோர்ட்டிசோல்தான் முதலில். தைரொக்சினை முதலில் கொடுத்தால் உடம்பின் வேகம் கூடி, மிச்சமிருக்கும் கொஞ்சக் கோர்ட்டிசோலும் விரைவாகக் கரைந்து, ஆள் சரிந்துவிடலாம்.

சத்திரசிகிச்சையின் வரலாறு நீளமானது, இங்கே தேவைப்படுவது கொஞ்சம்தான். மூக்கு வழியாகப் பிட்யூட்டரியை முதலில் அடைந்தவர் ஹெர்மன் ஷ்லோஃபர், 1907 இல், ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில். ஹார்வி குஷிங் அமெரிக்காவில் அதை நூற்றுக்கணக்கில் செய்து, பிறகு கைவிட்டு, மண்டையோட்டைத் திறக்கும் வழிக்கே திரும்பினார். 1960களில் மொன்றியலில் ஜூல் ஹார்டி நுணுக்குக்காட்டியைக் கொண்டுவந்த பிறகுதான் நல்ல சுரப்பியை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் பிரித்தெடுப்பது நடைமுறையானது. காலியின் கட்டி எடுக்கப்பட்ட அதே பிட்ஸ்பேர்க்கில்தான் 1990களில் எண்டோஸ்கோப் முறை வளர்ந்தது. நம் பக்கத்தில், வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949 இல் இந்தியாவின் முதல் நரம்பியல் சத்திரசிகிச்சைத் துறையைத் தொடங்கினார். கொழும்பில் 1956 இல் ஷெல்டன் கப்ரால் தொடங்கினார். என் கணிப்பில், நோயாளிகளைக் காப்பாற்றியதில் இந்தக் கருவிகளுக்குச் சமமான பங்கு கோர்ட்டிசோனுக்கு உண்டு. 1948 இல் அது முதன்முதலில் நோயாளிக்குக் கொடுக்கப்படும்வரை, சுரப்பி போனவரை நெடுங்காலம் வாழவைக்க மருத்துவர் கையில் சரியான மருந்து இருக்கவில்லை.

சத்திரசிகிச்சை முடிந்த முதல் இரண்டு நாளில் வாட்டில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், கட்டியைப் பற்றி யாரும் கவலைப்படுவதாகவே தெரியாது. எல்லாருடைய கண்ணும் சிறுநீர்ப் பையில்தான். மணிக்கு மணி அளவெடுத்து, கட்டில் காலடியில் தொங்கும் தாளில் குடித்தது ஒரு பக்கம், போனது மறுபக்கம் என்று எழுதுகிறார்கள். மஞ்சளாக இருந்த சிறுநீர் பச்சைத் தண்ணீர்போல் வெளிறி, மணித்தியாலத்துக்கு 250 மில்லிலீற்றருக்கு மேல் இரண்டு மூன்று மணித்தியாலம் தொடர்ந்து போனால் தாதி டொக்டரைக் கூப்பிடுவார். பின்பாதியோ தண்டோ அதிர்ந்து வாசோபிரெசின் வருவது நின்றிருக்கிறது என்று பொருள். நோயாளிக்குத் தண்ணீர் விடாய் தாங்காது, அதுவும் குளிர்ந்த தண்ணீராகக் கேட்பார். இரத்தத்தில் சோடியம் ஏறும். பெரும்பாலானோருக்கு இது சில நாளில் அடங்கிவிடும். சிலருக்கு நிரந்தரமாகி, வாழ்நாள் முழுக்க டெஸ்மோபிரெசின் குளிசையோ மூக்கு மருந்தோ வேண்டியிருக்கும்.

சீனி வருத்தத்துக்கும் இப்படி நீர் கொட்டுவதற்கும் தொடர்பில்லை. ஆனால் இதன் மருத்துவப் பெயரிலும் 'டயபிட்டிஸ்' என்ற அதே சொல் இருந்ததால் ஆசுபத்திரிகளிலேயே குழப்பம் நடந்தது. 2009 இல் லண்டனில், முன்பு பிட்யூட்டரிக் கட்டி இருந்த 22 வயது இளைஞர் ஒருவர் இடுப்பு மூட்டுச் சத்திரசிகிச்சைக்காக வாட்டில் அனுமதிக்கப்பட்டார். அவருக்கு அங்கே டெஸ்மோபிரெசின் கொடுக்கப்படவில்லை. தண்ணீர் கேட்டுக் கட்டிலிலிருந்தே பொலிஸாருக்குத் தொலைபேசி எடுத்து, கடைசியில் உடம்பில் நீரில்லாமல் இறந்தார். இப்படியான விபத்துகளை மனதில் வைத்து, 2022 இல் அகஞ்சுரப்பியியல் மருத்துவர்கள் நோயின் பெயரையே வாசோபிரெசின் குறைபாடு என்று மாற்றினார்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்து, ஆள் வீட்டுக்கு வந்த பிறகு வருகிறது. அதிர்ந்த நரம்பு முனைகள் சாகும்போது சேமிப்பில் இருந்த வாசோபிரெசினைக் கட்டுப்பாடில்லாமல் கொட்டும். சிறுநீர் குறையும், குடித்த தண்ணீரெல்லாம் உடம்பில் தங்கும், சோடியம் சரியும். ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், ஏறத்தாழ ஏழாம் நாளில் இது உச்சத்துக்கு வரும். தலையிடி, சத்தி, தடுமாற்றம், கடுமையானால் வலிப்பு. அந்த நாட்களில்தான் பார்க்க வருகிறவர்கள் இளநீர்க் குலையோடு வருவார்கள். உடம்பு சூடு, தெம்புக்குக் குடி என்பார்கள். இளநீரில் சோடியம் மிகக் குறைவு. சோடியம் சரிந்துகொண்டிருப்பவருக்கு அதுவும் வெறுந்தண்ணீர் கணக்கில்தான் சேரும். பல இடங்களில் இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் குடிப்பதைச் சுமார் ஒன்று, ஒன்றரை லீற்றருக்கு மட்டுப்படுத்தி, ஏழாம் நாள் சோடியம் பார்க்கச் சொல்கிறார்கள். அந்தச் சோதனைக்குக் கொழும்பு போக வேண்டியதில்லை, பக்கத்து ஆதார வைத்தியசாலையே போதும். சிலருக்கு முதலில் நீர் கொட்டி, நடுவில் நின்று, மறுபடி கொட்டத் தொடங்கி நிரந்தரமாகிவிடும் மூன்று கட்டமும் வரும். ஒரு நுணுக்கம் என்னவென்றால், கோர்ட்டிசோல் குறைந்திருக்கும்போது சிறுநீர் அதிகம் போகாமல் வாசோபிரெசின் குறைபாடு ஒளிந்திருக்கும். ஹைட்ரோகோர்ட்டிசோன் தொடங்கியதும் வெளிவரும். வீட்டார் குளிசைதான் கெடுத்தது என்று அதை நிறுத்திவிடக்கூடாது.

கோர்ட்டிசோல் கணக்குக்கு இன்னும் நாளெடுக்கும். சத்திரசிகிச்சைக்கு அடுத்த சில நாள் காலையில் அளந்து, குறைவாக இருந்தாலோ சந்தேகமாக இருந்தாலோ குளிசையோடு அனுப்புவார்கள். நிரந்தரமா இல்லையா என்ற சோதனையை நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்தே செய்கிறார்கள். கட்டளை நின்றாலும் அதிரீனல் சில வாரம் பழைய பலத்திலேயே ஓடும், அதற்குள் சைனக்தென் ஊசி போட்டால் நன்றாக எழுந்து காட்டி ஏமாற்றிவிடும்.

குஷிங் நோயில் மட்டும் எல்லாம் தலைகீழ். அங்கே கட்டி ஏ.சி.ரி.எச்.சைக் கொட்டி, கோர்ட்டிசோல் மிகுந்து, முகம் வட்டமாகி, வயிற்றில் ஊதாக் கோடுகள் விழுந்து, தொடைத் தசை கரைந்து, நிலத்தில் குந்தியவரால் எழும்ப முடியாமல் போகும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு கோர்ட்டிசோல் 2 மைக்ரோகிராமுக்குக் கீழே விழுந்தால் டொக்டர் சந்தோஷப்படுகிறார். கட்டி போய்விட்டது என்பதற்கு அதுவே சாட்சி. நோயாளிக்கோ முன்பைவிட மோசமாக இருக்கும். மூட்டெல்லாம் வலி, தோல் உரியும், சாப்பாடு பிடிக்காது, மனம் சோர்ந்துவிடும். இவ்வளவு காலம் வேலையில்லாமல் தூங்கிய நல்ல கலங்கள் விழிக்க ஆறு மாதமோ ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை ஹைட்ரோகோர்ட்டிசோன் வெளியிலிருந்து வர வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஒப்பரேஷன் பிழைச்சுப்போச்சு என்று வீடு முடிவு கட்டிவிடும்.

குளிசை எடுப்பவருக்கு அன்றாட அளவு 15 முதல் 20 மில்லிகிராம் வரை. உடம்பின் சொந்த வழக்கத்தை ஒத்துக் காலையில் அதிகம், பின்னேரம் குறைவு. ஆரோக்கியமான உடம்பு காய்ச்சல் வந்தால் தானாகவே கோர்ட்டிசோலைக் கூட்டிக்கொள்ளும். இவருடைய உடம்பு கூட்டாது. ஆகவே காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், காய்ச்சல் கடுமை என்றால் மும்மடங்கு. சத்தியோ வயிற்றோட்டமோ வந்து குளிசை வயிற்றில் நிற்காவிட்டால் காத்திருக்கக்கூடாது. 100 மில்லிகிராம் ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி, கூடவே சேலைன். அந்த ஊசி கிராம ஆசுபத்திரிகளிலும் இருக்கும் சாதாரண மருந்துதான், இழுப்புக்காரருக்குப் போடுவது. மருந்து இருந்தும், இவருக்கு அது வேண்டும் என்று சொல்ல ஆளில்லாவிட்டால் பயனில்லை. டெங்கு என்றோ வாந்திபேதி என்றோ நினைத்துச் சேலைன் மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பார்கள், பிரஷர் இறங்கிக்கொண்டே போகும். "பிட்யூட்டரி ஒப்பரேஷன் செய்த ஆள், ஸ்டீரொயிட் குளிசையில் இருக்கிறார், ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி போட வேண்டும்" என்று மூன்று மொழியிலும் எழுதிய அட்டை ஒன்று அடையாள அட்டையோடு இருந்தால் போதும். பல் பிடுங்கப் போனாலும் அதைக் காட்ட வேண்டும். 'ஸ்டீரொயிட் கூடாத மருந்து' என்று கேள்விப்பட்டுத் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூட்டுவலிக்குத் தேவைக்கு மேல் எடுப்பவருக்கு அந்த எச்சரிக்கை சரி. இல்லாததை நிரப்புகிறவருக்கு அது பொருந்தாது.

நோன்புக் கேள்வி இந்தக் கரையில் தவிர்க்க முடியாதது. நம் ஊரில் சஹர் முடிவிலிருந்து மஃரிப் வரை பதின்மூன்று மணித்தியாலத்துக்கும் மேல். ஹைட்ரோகோர்ட்டிசோன் ஒன்றரை மணித்தியாலத்தில் இரத்தத்தில் பாதியாகிவிடும். சஹரில் எடுத்த குளிசை அசர் நேரத்துக்கு மிச்சமிருக்காது. நோயாளிக்கு மார்க்கம் விலக்களித்திருக்கிறது, உலமாக்களும் அதைத்தான் சொல்வார்கள். ஆனாலும் நோற்றே தீருவேன் என்பவருக்கு நீண்ட நேரம் நிற்கும் பிரெட்னிசலோனுக்கு மாற்றிக் கொடுப்பதுண்டு. அதை ரமழானுக்குச் சில வாரம் முன்பே கிளினிக்கில் பேசித் தீர்மானிக்க வேண்டும். தலைசுற்று, சத்தி, காய்ச்சல் எது வந்தாலும் அந்த நேரமே நோன்பை விட்டுவிட வேண்டும். டெஸ்மோபிரெசினில் இருப்பவர் பகல் முழுக்கத் தண்ணீரில்லாமல் இருப்பது இன்னும் ஆபத்து. கந்த சஷ்டிக்கு உபவாசம் இருப்பவருக்கும் இதே கணக்குத்தான். திருக்கோவில், கோமாரி, பொத்துவில் வழியாக உகந்தைக்கும் கதிர்காமத்துக்கும் வெயிலில் நடக்கும் பாதயாத்திரைக்காரர் குளிசையையும் ஊசியையும் தண்ணீரையும் மடியில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும், அதுவும் டொக்டரிடம் கேட்டுவிட்டு.

எல்லாம் இழப்பு மட்டும் அல்ல. சுரப்பி சாகாமல் அமுங்கி மட்டும் இருந்திருந்தால், அமுக்கம் நீங்கியதும் சில ஹோர்மோன்கள் திரும்பும். முன்பு புரோலக்டின் சற்று உயர்ந்திருந்தது இதற்கு நல்ல அறிகுறி. தண்டு அமுங்கியிருந்ததே தவிர கலங்கள் உயிரோடிருந்தன என்று அது காட்டுகிறது. திரும்புமா என்பது சத்திரசிகிச்சை செய்பவரின் கைப்பழக்கத்தையும் பொறுத்தது. இந்தக் கட்டிகளை நிறையச் செய்யும் நிலையங்களில் சுரப்பி தப்பும் வாய்ப்பு அதிகம். திரும்பாதவற்றில் பாலின ஹோர்மோன்களை ஈடுசெய்யலாம். ஆணுக்கு டெஸ்டோஸ்டெரோன், மாதவிடாய் நிற்கும் வயதாகாத பெண்ணுக்கு ஈஸ்திரஜன். இதை இளமை ஆசை என்று ஒதுக்குவது அநியாயம். இல்லாவிட்டால் எலும்பு உளுத்துப்போகும். பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு எல்.எச்., எப்.எஸ்.எச். வேலையைச் செய்யும் ஊசிகளால் அந்த வழியும் திறக்கும், ஆனால் பொறுமையும் பணமும் வேண்டும். வளர்ந்தவருக்கு வளர்ச்சி ஹோர்மோன் ஊசி பெரும்பாலும் நாளாந்தம் போட வேண்டியது, விலை கூடியது. நம் நாட்டில் வளரும் பிள்ளைகளுக்குத்தான் அதில் முன்னுரிமை வேண்டும் என்பது என் கருத்து.

மிச்சக் கட்டிக்குக் கதிர்ச்சிகிச்சை கொடுத்திருந்தால் கணக்கு மறுபடி திறக்கிறது. கதிர் கட்டியை மட்டும் அல்ல, மிஞ்சிய நல்ல சுரப்பியையும் மெதுவாகக் கருக்கும். அதன் விளைவு ஐந்து, பத்து வருடம் கழித்தும் வரலாம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு எல்லா ஹோர்மோனும் சாதாரணம் என்று மகிழ்ந்து கிளினிக்கை விட்டவர், பல வருடத்துக்குப் பிறகு காலையில் எழும்பப் பிடிக்காமல், உடம்பு மெலிந்து, ஒரு சாதாரணக் காய்ச்சலில் சரிந்து ஆசுபத்திரிக்கு வருவது இப்படித்தான். அவருக்கு வருடத்துக்கு ஒருமுறை காலைக் கோர்ட்டிசோலும் ரி4உம் பாலின ஹோர்மோனும் பார்க்க வேண்டும். இரத்தம் எடுக்க எட்டு மணிக்கே போய்ச் சேர வேண்டும்.